நாலு நாற்காலி, கண்டக்டர் இல்லை: சேம்பர் இசை என்றால் என்ன?

தெரிந்தவர் ஒருவரின் மகள் வெளிநாட்டில் ஓர் இசைக் கல்லூரியில் வயலின் படிக்கிறாள். போன மாதம் அவர் கொஞ்சம் வாட்டத்தோடு சொன்னார்: "தனியா வாசிக்க விடலையாம் சார். ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லையாம். சேம்பர் கச்சேரின்னு ஏதோ சின்னதா வைக்கிறாங்களாம். அதுலயும் இவ ரெண்டாவது வயலின்." மகளுக்கு ஆறுதல் பரிசு கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சொல்லை நாம் எல்லோருமே இஷ்டத்துக்குப் புழங்குகிறோம். சென்னையில் மார்கழி மாதம் 'சேம்பர் கச்சேரி' என்றால், மைக் இல்லாமல் சின்ன ஹாலிலோ யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்திலோ நடக்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரி. ஹோட்டல் லாபியில் சாப்பாட்டுக்குத் துணையாக ஒலிக்கும் வயலினையும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். பல பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய வாத்தியக் குழுவைக் குறிக்கும் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்ற சொல்லின் கதி இதைவிட மோசம். கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டுப் பாடும் குழுவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து ரொம்ப வருஷமாகிறது. ஆக, சேம்பர் இசை என்றால் சின்னது, ஒலி மெதுவானது, ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் கிடைக்காதவர்கள் வாசிப்பது என்று ஓர் எண்ணம் படிந்துவிட்டது. முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் தப்பு.

அறைக்குள் பிறந்தது

இத்தாலிய மொழியில் 'காமெரா' என்றால் அறை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இசையை அது ஒலிக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார்கள்: தேவாலயத்துக்கு ஒன்று, நாடக அரங்குக்கு ஒன்று, அரண்மனை அறைக்கு ஒன்று. அந்த மூன்றாவது வகைதான் சேம்பர் இசை. இன்றைய பொருளுக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோசஃப் ஹைடன் (1732–1809). 1750-களில் ஃபூர்ன்பெர்க் என்ற பிரபு அவரைத் தன் மாளிகைக்கு அழைத்தார். அங்கே இசை தெரிந்தவர்கள் நாலு பேர்தான்: ஊர்ப் பாதிரியார், பண்ணை நிர்வாகி, ஹைடன், இன்னும் செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒருவர். இந்த நாலு பேரும் சேர்ந்து வாசிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார் பிரபு. அப்படித் தொடங்கிய ஹைடன் கடைசியில் 'குவார்ட்டெட்' என்ற அந்த நால்வர் வடிவத்தில் 60-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. இருந்த ஆட்களை வைத்துச் செய்ததுதான்.

கவனிக்க வேண்டியது, அந்த அறையில் ரசிகர் என்று தனியாக யாரும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வாசிப்பவர்கள் தங்களுக்காகவே வாசித்தார்கள். 1785 பிப்ரவரி 12 அன்று வியன்னாவில் மோட்சார்ட் வீட்டில் அவருடைய புதிய குவார்ட்டெட்டுகளை வாசித்தார்கள். கேட்க உட்கார்ந்திருந்தவர் ஹைடன். மோட்சார்ட்டின் அப்பாவும் உடனிருந்தார். டிக்கெட், மேடை எதுவும் கிடையாது. காசு கொடுத்து வந்து கேட்கிற வழக்கம் கொஞ்சம் பிந்தியது. 1804-05 குளிர்காலத்தில் ஷுப்பான்சிக் என்ற வயலின் கலைஞர் வியன்னாவில் சந்தா முறையில் குவார்ட்டெட் கச்சேரிகள் நடத்தினார். பீத்தோவனின் பல குவார்ட்டெட்டுகளை முதன்முதலில் வாசித்ததும் இவர் குழுதான்.

அப்புறம் அறை பெரிதாகிக்கொண்டே போயிற்று. நியூயார்க் லிங்கன் சென்டரில் 1969-இல் திறந்த ஆலிஸ் டல்லி ஹால் சேம்பர் இசையை மனதில் வைத்தே கட்டப்பட்டது. அதில் 1,086 இருக்கைகள். ஆயிரம் பேர் உட்கார்ந்தால் அது அறையா? இல்லை. ஆனால் உள்ளே நடப்பது இன்னமும் சேம்பர் இசைதான். அப்படியென்றால் அறையின் அளவு இதன் இலக்கணம் அல்ல. வேறு ஏதோ இருக்கிறது.

தேரும் பல்லக்கும்

அந்த வேறு ஏதோவைச் சொல்ல எனக்குக் கோயில்தான் கை கொடுக்கிறது.

தேர் இழுக்க நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள். யாரோ ஒருவர் முன்னால் நின்று கை காட்டுவார், விசில் அடிப்பார். அதைப் பார்த்து இழுப்பார்கள், நிறுத்துவார்கள். நடுவில் ஒருவர் கையை வடத்தில் வைத்துக்கொண்டு சும்மா நடந்து வந்தாலும் தேர் நகரும், யாருக்கும் தெரியாது. நானே அப்படி நடந்திருக்கிறேன்.

பல்லக்குச் சங்கதி வேறு. பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் சில பேர்தான். ஒரு தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தால் சுவாமி சாய்ந்துவிடுவார், வீதியே பார்க்கும். எதிரே நின்று கை காட்டுகிறவரை நம்பி அவர்கள் நடப்பதில்லை. பக்கத்துத் தோளின் அசைவைத் தன் தோளில் உணர்ந்துதான் அடி எடுத்து வைக்கிறார்கள்.

ஆர்க்கெஸ்ட்ரா தேர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் வயலின் என்ற ஒரே வரியைப் பதினாறு பேர் வரை சேர்ந்து வாசிப்பார்கள். எல்லோரையும் ஒருங்கிணைக்க எதிரே ஒருவர் நிற்பார். அவர்தான் கண்டக்டர்: வாத்தியம் எதுவும் வாசிக்காமல், கை அசைவால் வேகத்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் காட்டுகிறவர்.

சேம்பர் இசை பல்லக்கு. இரண்டு பேரிலிருந்து எட்டு, ஒன்பது பேர் வரை. ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஆள். கண்டக்டர் கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இலக்கணம். ஒலி மெதுவாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மெண்டல்சோன் பதினாறு வயதில், 1825-இல், எட்டுத் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஆக்டெட்டைக் கேட்டுப் பாருங்கள். கூரையைத் தூக்கிவிடும்.

பெயர்களில் ஒரு சின்னக் கண்ணி உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, ஒலியும் கீழே. செல்லோ அதைவிடப் பெரியது, கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது. இது நேரானது. ஆனால் 'பியானோ ட்ரையோ' என்றால் மூன்று பியானோ அல்ல; ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ. 'பியானோ குவின்டெட்' என்றால் பெரும்பாலும் ஒரு பியானோவோடு ஒரு முழு ஸ்ட்ரிங் குவார்ட்டெட். அந்தக் குழுவின் பெயரே படைப்புக்கும் பெயர். 'ஒரு குவார்ட்டெட் வாசித்தது' என்றால் குழு, 'ஒரு குவார்ட்டெட்டை வாசித்தார்கள்' என்றால் படைப்பு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: சேம்பர் இசையைத் தீர்மானிப்பது இடத்தின் அளவோ ஒலியின் அளவோ அல்ல. ஆளுக்கு ஒரு வரி, மேலே தலைவர் இல்லை.

அப்படியானால் எப்படிச் சேர்ந்து தொடங்குகிறார்கள்?

புதிதாகக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நம் கச்சேரியில் பாடகர் தொடையில் தாளம் போடுகிறார், எல்லோருக்கும் தெரிகிறது. குவார்ட்டெட்டில் நாலு பேருக்கும் இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. தாளம் எங்கே?

மூச்சில். முதல் வயலின்காரர் தொடங்குவதற்கு ஒரு துடிப்புக்கு முன்னால் மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கிறார். கூடவே வில் லேசாக மேலே எழும். அந்த மூச்சு எவ்வளவு நேரம் நீள்கிறதோ அதுதான் ஒரு துடிப்பின் நீளம். நிதானமாக இழுத்தால் மெதுவான பகுதி, வெடுக்கென்று இழுத்தால் வேகமான பகுதி. வில் எழும் விதத்திலேயே முதல் சுரம் உரத்து வருமா, மிருதுவாக வருமா என்பதும் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சைகைக்குக் 'க்யூ' என்று பெயர். முன் வரிசையில் உட்கார்ந்தால் அந்த மூச்சுச் சத்தமே கேட்கும். முதல் தடவை கேட்டபோது யாருக்கோ ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

க்யூ கொடுப்பது எப்போதும் முதல் வயலின்தான் என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் யார் நுழைகிறாரோ, யாரிடம் துடிப்பு இருக்கிறதோ, அவர் கொடுப்பார். பீத்தோவனின் 59-ஆம் ஓபஸில் முதல் குவார்ட்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (ஓபஸ் என்பது பெரும்பாலும் வெளியான வரிசையை ஒட்டிப் படைப்புகளுக்குக் கொடுக்கும் எண்.) அதன் தொடக்கத்தில் மெட்டு செல்லோவிடம். இரண்டாவது வயலினும் வயோலாவும் ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்க, முதல் வயலின் தன் முறை வரும்வரை சும்மா இருக்கிறது. அங்கே வேகம் யார் கையில்? அந்த நடுவில் துடிக்கும் இருவர் கையில்.

இதில் கொஞ்சம் பௌதிகமும் இருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குவார்ட்டெட்டில் இரு முனையிலும் இருப்பவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒலி மற்றவரைச் சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு போதும். காதுக்கு அது ஒன்றுமில்லை. ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது மீட்டர் இருந்தால் ஆயிரத்தில் அறுபது பங்கு ஆகிவிடும். வேகமான பகுதியில் ஒரு சுரத்தின் ஆயுளே ஆயிரத்தில் நூற்றுச்சொச்சம் பங்குதான். எதிர்க் கோடி ஆளைக் காதால் கேட்டு வாசித்தால் பாதிச் சுரம் பிந்திவிடும். அதனால்தான் அங்கே கண்ணால் பார்க்க ஒரு கை தேவைப்படுகிறது. குவார்ட்டெட் காதால் ஓடுகிறது, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கண்ணும் வேண்டும். கண்டக்டர் இல்லாதது இங்கே சிக்கனம் அல்ல, தேவையே இல்லை.

தொடங்கிய பிறகும் வேலை முடிவதில்லை. நாலு கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு முடுக்கி வைத்துவிட்டுப் போகும் காரியம் அல்ல இது. ஒவ்வொரு சுரத்திலும் ஒருவர் மயிரிழை முந்துவார், இன்னொருவர் பிந்துவார். அடுத்த சுரத்தில் ஒவ்வொருவரும் மற்றவர்களைக் கேட்டுத் துளி திருத்திக்கொள்வார்கள். நன்றாக வாசிப்பது என்றால் தவறாமல் இருப்பது அல்ல, யாருக்கும் தெரிவதற்குள் திருத்திக்கொள்வது. வில்லை விட்டு விரலால் தந்தியைச் சுண்டும் இடங்கள் வந்தால் கவனியுங்கள். வில்லின் ஒலி மெல்ல எழும், அதில் சின்னப் பிசகுகள் மறையும். சுண்டும் ஒலி பட்டென்று வரும். சேர்ந்து விழவில்லை என்றால் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி தெரியும்.

சுருதிக்கும் இதே கதை. பின்னால் தம்புரா கிடையாது. கீழ்ச் சுரம் பெரும்பாலும் செல்லோவிடம் இருக்கும், அது நகர நகர மற்றவர்கள் தங்கள் விரலை அதற்கு ஏற்றபடி நகர்த்தவேண்டும். குழுவில் பியானோ இருந்தால் அதன் சுரங்கள் அசையாது, எல்லோரும் அதற்கு இணங்கித்தான் போகவேண்டும். வாத்தியத்தை நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் சேம்பர் குழுவில் உட்கார்ந்ததும் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

உரையாடல், ஆனால் எழுதி வைத்த உரையாடல்

ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1829-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை, விவரம் தெரிந்த நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்பதற்கு ஒப்பிட்டார். அதிலிருந்து இந்த உவமையைச் சொல்லாதவர் இல்லை. உவமை நல்லதுதான், ஆனால் நம் ஊர்க்காரரை அது தவறான பாதையில் கூட்டிப்போகும். உரையாடல் என்றதும் நமக்குக் கற்பனாஸ்வரம் நினைவுக்கு வரும்: பாடகர் ஒன்று பாட, வயலின் அந்தக் கணத்திலேயே பதில் சொல்கிறது. குவார்ட்டெட்டில் ஒரு சுரம்கூட மேடையில் பிறப்பதில்லை. எல்லாம் எழுதியிருக்கிறது. அப்புறம் என்ன பேச்சு? அந்தச் சுரத்தை எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு நேரம் தங்குவது, எங்கே ஒதுங்கிக்கொண்டு மற்றவருக்கு வழி விடுவது. நாடக வசனம் மாதிரி. வரி ஒன்றுதான், எதிரே நிற்பவர் சொன்ன தொனிக்கு ஏற்பத்தான் நம் வரி வரும்.

இன்னொரு வித்தியாசம். நம் கச்சேரியில் வயலின் பக்கவாத்தியம். நடுவில் பாடகர் இருக்கிறார், மற்றவர்கள் அவரைச் சுற்றி. நல்ல குவார்ட்டெட் படைப்பில் பக்கவாத்தியம் என்று நிரந்தரமாக யாரும் இல்லை. இந்த நிமிடம் துணைக்கு நிற்பவர் அடுத்த நிமிடம் நடுவில் நிற்பார். முதல் வயலினுக்கு மெட்டு அதிகம் வரும் என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் 'முதல்', 'இரண்டாவது' என்பவை ரேங்க் அல்ல, வரிகளின் பெயர். 1976-இல் தொடங்கிய எமர்சன் குவார்ட்டெட்டில் இரண்டு வயலின்காரர்களும் அந்த நாற்காலியை மாற்றி மாற்றியே உட்கார்ந்தார்கள். அந்தக் குழு 2023 வரை நீடித்தது.

பள்ளிகள் இதை ஏன் விடாப்பிடியாகச் செய்கின்றன

எமர்சன் குவார்ட்டெட் பிறந்தது நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில், மாணவர்களாக இருந்தபோது. இசையோடு நடனமும் நாடகமும் சொல்லிக்கொடுக்கும் நிகழ்த்துகலைப் பள்ளி அது. 1946-இல் அதன் தலைவராக இருந்த வில்லியம் ஷூமன் பள்ளிக்கென்றே ஒரு குவார்ட்டெட் வேண்டும் என்று முடிவு செய்தார். ராபர்ட் மான் முதல் வயலினாக ஜூலியார்ட் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் அப்படித்தான் உருவானது. மேடையில் வாசிப்பவர்களே வகுப்பிலும் வந்து உட்கார்ந்தார்கள்.

மேற்கத்திய இசைப் பள்ளிகளில் பொதுவாக நடப்பது இது. பருவத் தொடக்கத்தில் மாணவர்களைக் குழுவாகச் சேர்ப்பார்கள். ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரிடம் வாசித்துக் காட்டுவார்கள். இதற்குக் 'கோச்சிங்' என்று பெயர். பாடம் என்று சொல்லாமல் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர் எதிரே நின்று கையை ஆட்டினால் அவர் கண்டக்டர் ஆகிவிடுவார், மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் அவர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறார், நடுவில் நிறுத்துகிறார், கேள்வி கேட்கிறார்: "இந்த இடத்தில் மெட்டு யாரிடம்?" பல சமயம் நாலு பேரும் நாலு பதில் சொல்வார்கள். மற்ற நாட்களில் ஆசிரியர் இல்லாமல் தாங்களே ஒத்திகை பார்க்கவேண்டும், சண்டை போட்டுக்கொள்ளவேண்டும், சமாதானம் ஆகவேண்டும். ஜூலியார்ட்டில் ஜனவரியில் சேம்பர்ஃபெஸ்ட் என்று ஒன்று நடக்கிறது. அதற்காக மாணவர்கள் குளிர்கால விடுமுறை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே திரும்பி வந்து முழு நேரமும் இதிலேயே மூழ்குகிறார்கள்.

சண்டை வருவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. வாசிப்பவர் முன்னால் இருக்கும் தாளில் பொதுவாக அவருடைய வரி மட்டும்தான் இருக்கும். இதற்குப் 'பார்ட்' என்று பெயர். எல்லா வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது 'ஸ்கோர்', ஆர்க்கெஸ்ட்ராவில் அது கண்டக்டரிடம் இருக்கும். தன் பார்ட்டை மட்டும் பழகிக்கொண்டு ஒத்திகைக்கு வந்த மாணவருக்குத் தான் சொன்னதே நியாயம் என்று தோன்றும். ஸ்கோரைப் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் வயோலாவும் அங்கே முக்கியமாக ஏதோ சொல்கிறது என்று தெரியும்.

ஆக, பள்ளியின் சேம்பர் கச்சேரி திறமைக் காட்சி அல்ல. இத்தனை மாத ஒத்திகைக்கு அதுதான் பரீட்சை. தனியாக வாசிக்கும்போது துணைக்கு வரும் பியானோக்காரர் நம் தவறுகளைச் சமாளித்துவிடுவார். ஆர்க்கெஸ்ட்ராவில் பதினைந்து பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இங்கே இரண்டு வழியும் அடைப்பு.

போய்க் கேட்பதென்றால்

பள்ளிக் கச்சேரிக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது, இருந்தாலும் குறைவு. மூன்று, நான்கு குழுக்கள், குழுவுக்கு ஏறக்குறைய அரை மணி. நடுவில் சிலர் வந்து நாற்காலிகளை மாற்றிப் போடுவார்கள், பியானோவைத் தள்ளுவார்கள். ஒரு குவார்ட்டெட்டில் வழக்கமாக நாலு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 'மூவ்மென்ட்' என்று பெயர்: வேகமாக ஒன்று, நிதானமாக ஒன்று, நடனச் சாயலில் ஒன்று, மறுபடி வேகமாக ஒன்று. இவற்றுக்கு நடுவில் கைதட்டுவதில்லை என்பது இன்றைய வழக்கம். தெரியாமல் தட்டிவிட்டால் கூனிக் குறுக வேண்டாம். 1778-இல் பாரிஸில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய தன் சிம்ஃபனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியதை மோட்சார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதினார். இந்த மௌனம் பிற்பாடு வந்த மரியாதை.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது ஹைடனின் 76-ஆம் ஓபஸில் மூன்றாவது குவார்ட்டெட். 'எம்பரர்' என்று பெயர். அதன் இரண்டாவது மூவ்மென்டில் ஒரே மெட்டு ஐந்து முறை வருகிறது. 1797-இல் ஆஸ்திரியப் பேரரசருக்காக ஹைடன் எழுதிய வாழ்த்துப் பாட்டின் மெட்டு அது. இன்று ஜெர்மனியின் தேசிய கீதம் இதே மெட்டில்தான். முதலில் முதல் வயலின் பாடுகிறது. அப்புறம் இரண்டாவது வயலின், செல்லோ, வயோலா, கடைசியில் மறுபடி முதல் வயலின். மெட்டு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மாறுவது அதைச் சுற்றியிருப்பவர்கள் செய்வது. கையிலிருந்து கைக்குப் போகும் மெட்டைப் பின்தொடர்ந்தால் போதும், சேம்பர் இசை எப்படி நடக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

அந்த வாட்டமான அப்பாவிடம் மகள் என்ன வாசிக்கிறாள் என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். இதேதான். அந்த மூவ்மென்டில் இரண்டாவது முறை மெட்டு வரும்போது செல்லோவும் வயோலாவும் மௌனமாகிவிடும். முதல் வயலின் பொடிச் சுரங்களால் சுற்றிச் சுற்றிப் பூ வேலை செய்துகொண்டிருக்கும். மெட்டு முழுக்க இரண்டாவது வயலின் தோளில். ஒன்றரை நிமிடம் போல, மேடையில் இருவர் மட்டும். ஓர் ஒலிப்பதிவை அனுப்பி, இந்த இடத்தைக் கேளுங்கள் என்றேன்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "கேட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நேரலையில காட்டும்போது இவ எந்த நாற்காலில இருப்பா?"

இடமிருந்து இரண்டாவது என்றேன். சில குழுக்கள் மாற்றியும் உட்காரும்.